மஞ்சக்கை திரும்பி வரும் நாள்

அன்றைக்கு நடந்ததைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயம் இல்லை. நாங்கள் கொட்டகைக்குள் நுழைந்தபோது ஆடுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன என்று ரேடியோ சொல்கிறான். என் நினைவில் அவை கத்தவே இல்லை. தூணில் உடம்பைத் தேய்க்கும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. வண்டி ஓட்டுகிறவனுக்குச் சாலைகள் ஞாபகம் இருக்கும். மனிதர்கள் சொன்னது கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். ஆனாலும் சில வார்த்தைகளை நான் மாற்றிச் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

நாங்கள் மூன்று பேர். டாக்டரம்மா கால்நடை மருத்துவர். செத்துப்போன ஆடுமாடுகள் எப்படிச் செத்தன என்று காப்பீட்டுக் கம்பெனிக்காகத் துப்பறிவது அவர் வேலை. ரேடியோ அவருடைய உதவியாள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவனோடு ஒரு கிலோமீட்டர் போனவர்களுக்குத் தெரியும். நான் டிரைவர். அவர்கள் உள்ளே போனால் வண்டியில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். அன்றைக்கு டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதனால் இறங்கிப் போனேன்.

வழக்கு இதுதான். பண்ணைக்காரரின் ஆடுகள் எல்லாவற்றுக்கும் அரிப்பு. முடி திட்டுத் திட்டாகக் கொட்டியது. மஞ்சக்கை என்ற ஆளைக் கூப்பிட்டு மருந்து போட்டார். அவன் கந்தகமும் சுண்ணாம்பும் காய்ச்சிய மஞ்சள் தண்ணீரில் ஆடுகளைக் குளிப்பாட்டுகிறவன். கை எப்போதும் மஞ்சளாக வெடித்துக் கிடப்பதால் அந்தப் பெயர். குளிப்பாட்டிய சில நாட்களில், பண்ணையிலேயே அதிகம் பால் கறக்கும் ஆடு வாயில் எச்சில் வழியச் செத்துப் போனது. மஞ்சக்கைதான் விஷம் வைத்தான் என்றார் பண்ணைக்காரர். கண்ட இடத்தில் கையை ஒடிப்பேன் என்று தெருத் தெருவாகச் சொன்னார். அவன் அன்றே காணாமல் போனான்.

எங்களுக்கு முன்னால் இந்த வழக்கைப் பார்த்த அதிகாரி, பண்ணைக்காரர் சொன்னதையே எழுதிக்கொண்டு, ஆட்டின் தலையையும் குடலையும் விஷப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். விஷம் எதுவும் இல்லை என்று பதில் வரவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் காகிதங்கள் டாக்டரம்மாவின் மேசைக்கு வந்தன. அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து ஏதோ கேட்டுக்கொண்டார். என்ன கேட்டார் என்று எங்களிடம் சொல்லவில்லை.

கொட்டகையில் டாக்டரம்மா ஓர் ஆட்டின் முதுகு முடியைப் பிரித்து, சீப்பால் சீவி, வெள்ளைத் தாளில் உதறினார். நான் டார்ச் அடித்தேன். தாளில் தவிடு மாதிரி உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தவிடு நடக்க ஆரம்பித்தது.

“பேன்,” என்றார்.

“பேன் ஆட்டைக் கொல்லுமா மேடம்?” என்று கேட்டான் ரேடியோ.

“கொல்லாது. குட்டியா இருந்தா இளைச்சுப் போகும். பெரிய ஆடு தாங்கும்.”

“புரியுது. உயிரை எடுக்காது, நிம்மதியா இருக்கவும் விடாது. எங்க வீட்டு ஓனர் மாதிரி.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு பிளேடின் முனையால் தோலை மெதுவாகச் சுரண்டி, எண்ணெயில் போட்டு, கையடக்க லென்ஸ் வழியாகப் பார்த்தார். சொறிப்பூச்சி இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே நல்ல சிவப்பு. “குடல்புழு ரத்தம் குடிச்சிருந்தா இங்க காகிதம் மாதிரி வெளுத்திருக்கும். அதுவும் இல்ல.”

பண்ணைக்காரர் வாசலிலேயே நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. கொட்டகைக்குள் காலை வைக்காமலே கொட்டகையை நடத்துகிறவர் மாதிரி இருந்தார். உள்ளே வேலை எல்லாம் மகள்தான். அவள் மூலையில் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அப்புறம் எதுக்கும்மா பாக்குறீங்க? அந்த மஞ்சத் தண்ணிய நக்கிச்சு, செத்துச்சு. அவ்வளவுதான்,” என்றார்.

“செத்த ஆடு எங்க எங்க சொறிஞ்சுது?” டாக்டரம்மா மகளைப் பார்த்துக் கேட்டார்.

அவள் வாளியை வைத்துவிட்டு யோசித்தாள். “மத்ததெல்லாம் கழுத்து, முதுகு, விலான்னு இடம் மாத்தி மாத்தித் தேய்ச்சுதுங்க. அது மட்டும் பின்னங்கால்லயே ஒரே இடத்தக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சதை தெரியற வரைக்கும் கடிச்சுது. குரலும் மாறிப்போச்சு. யாரோ பெரிய ஆம்பள கத்துற மாதிரி.”

“பேன் அரிப்புன்னா ஊர் சுத்தும். இந்த அரிப்பு ஒரே வீட்டுல குடி இருந்திருக்கு,” என்றான் ரேடியோ. வழக்கமாக அவன் பேச்சை டாக்டரம்மா கேட்டதாகவே காட்டிக்கொள்ளமாட்டார். அன்று திரும்பி அவனைப் பார்த்தார்.

“அந்த இடத்துல அதுக்கு முன்னாடி ஏதாவது காயம்?”

“அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு நாய் உள்ள பூந்துச்சு. நான் வெரட்டிட்டேன். சின்னதா ஒரு பல்லுக்குறி. ஆறிடுச்சுங்க.”

அப்போதுதான் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. டாக்டரம்மா கேட்டார், “சரி” என்றார், வைத்தார். பிறகு சீப்பைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

“ரேபிஸ்,” என்றார். “வெறிநோய். மூளையில இருந்துச்சாம். அந்த நாய் கொடுத்தது. இங்க யாரும் விஷம் வைக்கல.”

பண்ணைக்காரர் வாசற்காலைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ஆட்டோட எச்சில் யார் மேலயாவது பட்டுதா? கையில காயம் இருந்து, அதுல பட்டிருந்தாக்கூடப் போதும். வாய்க்குள்ள யாராவது கை விட்டாங்களா? எச்சில் வழிஞ்சா தொண்டையில ஏதோ அடைச்சிருக்குன்னு நினைச்சு எல்லாரும் செய்யறதுதான் அது.”

“மஞ்சக்கை விட்டான்,” என்றார் பண்ணைக்காரர். கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் வந்தது. “அவன்தான் விட்டான். நாங்க யாரும் கிட்டயே போகல.”

மகள் அப்போது நிமிர்ந்து பார்த்தாளா? இப்போது யோசித்தால் பார்த்ததாகத்தான் தோன்றுகிறது. ஆனால் முடிவு தெரிந்த பிறகு நினைவு எதை வேண்டுமானாலும் பார்த்ததாகச் சொல்லும்.

“ஒருத்தர் விடாம இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கோங்க. தொட்டாலும் சரி, தொடாட்டியும் சரி. இன்னைக்கே,” என்றார் டாக்டரம்மா. பண்ணைக்காரர் தலையாட்டினார்.

வண்டியில் ஏறியதும் டாக்டரம்மா சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. “வெடிச்ச கை அவனுக்கு. ஊசி போட்டா பிழைப்பான். நோய் ஆரம்பிச்சுட்டா உலகத்துல மருந்தே கிடையாது. எப்ப ஆரம்பிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. நாளைக்கா இருக்கலாம், அடுத்த வருஷமா இருக்கலாம். அவன் நம்மளப் பாத்தா ஓடுவான். எப்படியாவது நிக்க வைக்கணும்.”

“கையை ஒடிக்கத் தேடுறாங்கன்னு ஒருத்தன் ஓடுறான். கைக்கு ஊசி போடத் தேடுறோம்னு நாம துரத்தறோம்,” என்றான் ரேடியோ. “நானா இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஓடுவேன்.”

மஞ்சக்கையின் மனைவி தையல்காரி. வீட்டின் முன் அறையே கடை. ஜன்னலோரம் மெஷின், சுவரில் தொங்கும் பாதிச் சட்டைகள், தரையெல்லாம் நூலும் துண்டுத்துணியும். எங்களைப் பார்த்ததும் அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக மிதித்தார்.

“அவரு இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு,” என்றார்.

டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். நாய், ஆடு, எச்சில், கை, ஊசி. எதையும் மறைக்கவில்லை. தையல்காரி துணியை ஊசிக்கு அடியில் தள்ளிக்கொண்டே கேட்டார்.

“நல்லாக் கதை சொல்றீங்கம்மா. பண்ணைக்காரர் ஆளு அனுப்பினார், பயமுறுத்திப் பார்த்தார், ஒண்ணும் நடக்கல. இப்ப பாசமா ஆள் அனுப்பறார்.”

“அக்கா, எங்களைப் பார்த்தா பாசக்காரங்க மாதிரியா இருக்கு? இந்த டிரைவர் அண்ணன் மூஞ்சியப் பாருங்க. சிரிச்சு வருஷம் ஆச்சு,” என்றான் ரேடியோ.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா தையல்காரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “மோதிரம் வெள்ளியா?”

“ஆமா. அதுக்கென்ன?”

“கறுத்திருக்கே.”

“வெள்ளின்னா கறுக்கும்.”

“மெல்ல மெல்லக் கறுக்கும். இது அப்படி இல்ல. கந்தகத் தண்ணி பட்டா ஒரே நாள்ல இப்படி ஆகும். அதுவும் விரலோட உள் பக்கம் மட்டும் கறுத்திருக்கு. யாரோ உங்க கையைப் பிடிச்சிருக்காங்க. மருந்துக் கையோட, ரொம்ப நேரம்.”

மெஷின் நின்றது. தையல்காரி கையை மடியில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டார். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. துப்புத் துலக்குவது என்பது பல நேரம் அடுத்தவர் மூடி வைத்ததைத் திறப்பதுதான்.

“நேத்து சாயங்காலம் வந்தாரு,” என்றார் கடைசியில். “எங்க இருக்காருன்னு சத்தியமா தெரியாது. தெரிஞ்சா என்கிட்ட இருந்து புடுங்கிடுவாங்கன்னு சொல்லவே இல்ல. கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, போயிட்டாரு.”

“எதுக்கு வந்தார்?”

தையல்காரி தரையைப் பார்த்தார். டாக்டரம்மா குனிந்து தரையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். கெட்டியான கித்தான் துணி, பிறை மாதிரி வெட்டியது. இன்னொன்றை எடுத்தார். எல்லாம் ஒரே அளவு.

“சட்டைக்கு இவ்வளவு கெட்டித் துணி எதுக்கு மேடம்?” என்றான் ரேடியோ.

“சட்டை இல்ல. கழுத்துப் பட்டை. மருந்து காயற வரைக்கும் ஆடு திரும்பி உடம்பை நக்கக் கூடாது. அதுக்குக் கட்டறது. நக்கி விஷமாச்சுன்னு பண்ணைக்காரர் சொன்னாரே, அது நடக்காம இருக்கத்தான் இது.” அவர் துண்டை வளைத்து மேசையில் இருந்த டம்ளரைச் சுற்றி வைத்தார். கொஞ்சம்தான் பெரிது.

“இது ஆட்டுக் கழுத்தா, டம்ளர் கழுத்தா?”

“குட்டி ஆடு இல்ல. குட்டிக்கு இந்த மருந்து போடறப்ப பட்டை கட்டமாட்டாங்க, துணியில சுத்திடுவாங்க. இது வளர்ந்த குள்ள ஆடு. குள்ள ஆடு இந்தப் பக்கம் யார்கிட்ட இருக்கு?”

நான் சொன்னேன். அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே உபயோகமான விஷயம் அதுவாகத்தான் இருக்கும். செங்கல் சூளைக் காவல்காரரிடம் இருக்கிறது. அந்தச் சாலையில் போகும்போது நாய்கள் என்று நினைத்து ஒருமுறை ஹாரன் அடித்திருக்கிறேன்.

“இதே அளவுல இதுக்கு முன்னாடியும் தைச்சீங்களா?” டாக்டரம்மா தையல்காரியைக் கேட்டார்.

“முந்தின வாரத்துக்கு முந்தின வாரம் தைச்சேன். ஒரு தடவை கட்டினா எரிச்சிடுவாரு. ஈர் ஒட்டிக்கிட்டு வேற ஆட்டுக்குப் போயிடுமாம்.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “முதல் குளியல்ல பேன் சாகும். ஈர் சாகாது. அது பொரிஞ்சு வெளிய வரும்போது ரெண்டாவது தடவை குளிப்பாட்டணும், அது வளர்ந்து மறுபடி ஈர் போடறதுக்குள்ள. விட்டா மொத வேலை வீண். அவருக்குக் கெடு வந்திருக்கு.” ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். “நல்ல வெயில் வேணும். ஈரத்தோட ஆட்டை விட முடியாது. இன்னைக்குத்தான்.”

“உயிருக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கிறவன், பேனுக்கு வாக்கு கொடுத்துட்டேன்னு வருவானா மேடம்?”

தையல்காரி எங்களைப் பார்க்காமல் சொன்னார்: “வருவாரு. அந்த ஒரு விஷயத்துல மட்டும் அவரு நாள் தவறமாட்டாரு. என் பொறந்தநாள் ஒருநாளும் ஞாபகம் இருந்தது இல்ல.”

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு அவரும் வண்டியில் ஏறினார். நம்பி ஏறினாரா, நம்பாமல் காவலுக்கு ஏறினாரா என்று கேட்கவில்லை.

சூளையில் அன்று நெருப்பு இல்லை. அடுக்கி வைத்த செங்கல் சுவர்கள் தெருக்கள் மாதிரி நீண்டிருந்தன. காவல்காரரின் தகரக் குடிசைக்குப் பின்னால் குள்ள ஆடுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன, ஒவ்வொன்றும் கழுத்தில் புதுப் பட்டையோடு. மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அழுகிய முட்டை நாற்றம். பாதி ஆடுகள் காய்ந்திருந்தன. பாதி இன்னும் குளிக்கவில்லை.

“பட்டாளம் மாதிரி நிக்குதுங்க. தளபதி எங்க?” என்றான் ரேடியோ.

தளபதி மஞ்சக்கைதான். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் எங்களைக் கண்டதும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். ஒல்லியான ஆள். செங்கல் அடுக்கின் மேல் பல்லி மாதிரி ஏறினான். உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு, “கிட்ட வந்தா கல்லைத் தள்ளுவேன்,” என்றான்.

“தள்ளாதே தலைவா. நான் வீட்டுக்கு ஒரே புள்ள. தங்கச்சியும் இருக்கா, ஆனா அவ கணக்குல நான் இல்ல,” என்றான் ரேடியோ.

ஒரு செங்கல் விழுந்தது. ரேடியோ வாயை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா கீழே நின்றபடியே மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். காலையிலிருந்து மூன்றாவது தடவை. நாய், ஆடு, எச்சில், ஊசி. அவர் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் அவன் மனைவி, “உண்மையாத்தான் இருக்கும் போல. எறங்கி வாங்க,” என்றார். அவன் அசையவில்லை.

“அந்த வாயில நீங்க கை விட்டிருக்கீங்க. கையெல்லாம் வெடிப்பு. தயவுசெஞ்சு வாங்க,” என்றார் டாக்டரம்மா.

“யாரு சொன்னா நான் கை விட்டேன்னு?”

“பண்ணைக்காரர்.”

அவன் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான். அது சிரிப்புதானா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்.

“அம்மா, எச்சில் வழியுதுன்னு கூப்பிட்டு விட்டாரு, போனேன். ஆனா அன்னைக்கு நான் அதைத் தொடவே இல்ல. அது கால்ல கயிறு கட்டியிருந்தும் என் மேல பாஞ்சுது. ஆடு அப்படிப் பாஞ்சு நான் பார்த்ததில்ல. கண்ணு ஒரு மாதிரி இருந்துச்சு. என்ன நோவுன்னு எனக்கு என்ன தெரியும்? பயந்துட்டேன். சுவரேறிக் குதிச்சு வெளிய நின்னேன். அதுதான் நான் பண்ணின வைத்தியம்.”

“அப்ப யாரு...”

“அவருதான். ‘ஒரு ஆட்டுக்குப் பயப்படுறியே, நீயெல்லாம் ஆம்பளையா’ன்னு கேட்டாரு. தொண்டையில ஏதோ மாட்டியிருக்குன்னு சட்டைக் கையை மடிச்சு விட்டாரு. ஒரு நாளும் ஒரு ஆட்டைத் தொடாத மனுஷன். எனக்குக் காட்டணும்னு விட்டாரு. முழங்கை வரைக்கும். அது கடிச்சுது. ரத்தம் வந்துச்சு. துண்டால துடைச்சுக்கிட்டு, வெளிய சொல்லாதேன்னாரு.”

வெயில் செங்கல்களின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஆடுகளில் ஒன்று உடம்பை உதறியது. மஞ்சள் துளிகள் என் சட்டையில் பட்டன. மஞ்சக்கை மெதுவாக இறங்கி வந்து மனைவிக்கு அருகில் நின்றான், தொடாமல்.

“ஏன் பொய் சொன்னாரு?” என்றான் ரேடியோ.

“இன்சூரன்ஸ்,” என்றார் டாக்டரம்மா. “வைத்தியம் தெரியாத ஆள் கை விட்டதால செத்துச்சுன்னு சொல்லிக் கம்பெனி தட்டிக் கழிச்சுடும்னு பயந்திருக்கார். காப்பீட்டு ஆளுங்க வந்தா ஒண்ணும் ஒத்துக்கக் கூடாதுன்னு எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுக்கறதுதானே. அதையே செஞ்சிருக்கார். நான் கேட்டப்ப நான் டாக்டர் இல்ல அவருக்கு. கம்பெனி.”

அவர் போனை எடுத்தார். பண்ணைக்காரர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். மகள் எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்திருக்க வேண்டும். டாக்டரம்மா போனைக் காதில் வைத்தபடியே வண்டியை நோக்கி நடக்க ஆரம்பித்தார், பிறகு ஓடினார்.

மஞ்சக்கையும் மனைவியும் கூட ஏறினார்கள். மீதி ஆடுகளைப் பற்றி அவன் ஏதோ முனகினான். காவல்காரர் பார்த்துக்கொள்வார் என்றேன். “அவருக்குக் கலவை தெரியாது,” என்றான்.

அந்தச் சாலையை நான் அவ்வளவு வேகமாக அதற்கு முன் ஓட்டியதில்லை. வேகத்தால் என்ன ஆகும் என்று எண்ணிக்கொண்டே ஓட்டினேன். மூன்று வாரத்துக்கு மேல் நின்று போயிருந்த ஒன்றை, ஒரு மதியத்தில் ஓட்டிப் பிடிக்கப் பார்த்தோம். பின்னால் ரேடியோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் பேசாமல் இருந்தால் வண்டிக்குள் ஏதோ பழுதானது போல இருந்தது.

பண்ணைக்காரர் உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேசையில் டீ ஆறிக் கிடந்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு, வலது கையைக் கட்டிலின் விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தார். தழும்பு ஆறியிருந்தது. அதைச் சுற்றி அவர் நகம் பட்ட கீறல்கள் புதிதாக இருந்தன.

மஞ்சக்கையைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தினார்.

“சொல்லிட்டானா?” என்றார்.

“எப்ப இருந்து அரிக்குது?” என்றார் டாக்டரம்மா.

“நேத்து. எறும்பு ஊர்ற மாதிரி. பேன் ஏறிடுச்சோன்னு பார்த்தேன். இல்ல.” அவர் கையை எங்களிடம் நீட்டினார், பரிசோதனைக்கு நீட்டுவது போல. “ஆறின காயம்தானம்மா. ஆறினது எதுக்கு அரிக்கணும்?”

டாக்டரம்மா மேசையிலிருந்த டீயை எடுத்து அவரிடம் நீட்டினார். “ஒரு வாய் குடிங்க.” அவர் வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோனார். உதடு வரைக்கும் போய் நின்றது. தொண்டை ஒருமுறை இழுத்துக்கொண்டது. கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

“காலையில இருந்தே வேண்டாம்னு இருக்கு,” என்றார்.

டாக்டரம்மா வெளியே போய்த் தண்ணீர்க் குழாய்க்கு அருகில் நின்றார். குழாயைத் திறக்கவில்லை, சும்மா நின்றார். மகள் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“நான் அன்னைக்கே சொன்னேம்ப்பா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு. ‘ஆட்டுக்கடிக்கு எவன்டி ஊசி போடுவான், கம்பெனிக்காரன் காதுக்குப் போகும்’னீங்க,” என்றாள். குரலில் கோபமே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். ஜன்னல் காற்று முகத்தில் பட்டபோது திடுக்கிட்டுத் திரும்பினார், கண்ணாடியை ஏற்றிவிட்டேன். பாதி வழியில், பின்சீட்டில் இருந்த டாக்டரம்மாவிடம், திரும்பாமலே கேட்டார்: “நான் கை விட்டது தெரிஞ்சுபோச்சு. இனிமே அந்தப் பணம் வராது, இல்லம்மா?”

“வரும்,” என்றார் டாக்டரம்மா. “வெறிநோய்ல செத்தா குடுக்கணும். யார் கை விட்டிருந்தாலும் வந்திருக்கும். அன்னைக்கே சொல்லியிருந்தாலும் வந்திருக்கும்.”

அவர் வலது கையை மடியில் வைத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

பண்ணைக்காரர் அந்த வாரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அங்கே போட வேண்டிய எல்லா ஊசியும் போட்டார்கள். அவை எதுவும் உதவாது என்று போட்டவர்களுக்கும் தெரியும். மகளுக்கு முழு வரிசை ஊசியும் போட்டார்கள். அவள் நன்றாக இருக்கிறாள், ஆடுகளை விற்றுவிட்டு ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மஞ்சக்கை செத்த ஆட்டைக் குளிப்பாட்டியவன் என்பதால் அவனுக்கும் போட்டார்கள். அவன் இப்போதும் குள்ள ஆடுகளுக்கு மருந்து போடுகிறான், தையல்காரி இப்போதும் பட்டை தைக்கிறார். கம்பெனி பணம் கொடுத்தது. டாக்டரம்மா வேலையை விட்டுவிட்டு ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறார். ரேடியோ வேறு ஊருக்குப் போய்விட்டான். எப்போதாவது போன் செய்வான், கொஞ்ச நேரம் பேசுவான், வைத்துவிடுவான். நான் வண்டி ஓட்டுகிறேன்.